நூற்றுக்கு நூறு

நிர்வாக வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய செய்தி: தன் உரையை யார் யார் கவனிக்கவில்லை என்பதை நிர்வாக இயக்குநர் சர்வேஸ்வரன் விஞ்ஞானபூர்வமாகக் கண்டுபிடித்துவிட்டார். கண் ஓரிடத்தில் நிலைகுத்தி நின்றாலும் உள்ளுக்குள் பொடிப்பொடியாகத் துடிக்குமாம். மனம் ஓடும் பக்கம் அந்தத் துடிப்பும் சாயுமாம். அதைப் பிடிக்கும் கேமராவை மேடையில் வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினார். மறுநாள் ஸ்டோர்ஸ் பிரிவு குணவதியைக் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க கண்ணு நாப்பத்தேழு தடவை இடது பக்கம் துடிச்சிருக்கு. அங்க என்ன?"

"வாசல் சார்."

"கவனிக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராதீங்க."

குணவதி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். "போட மாட்டேன் சார். ஏழாம் பக்கத்த ரெண்டு தடவ படிச்சீங்க. ரெண்டு தடவையும் எல்லாரும் கைதட்டுனாங்க. கவனிக்காதவளுக்கு இது எப்படித் தெரியும்?"

சர்வேஸ்வரனுக்கு முகம் சிவந்தது. "அப்ப மெஷின் பொய் சொல்லுதா? நூத்துக்கு நூறு வாங்குனவரும் இருக்காரு, பாருங்க!" என்று பட்டியலை அவள் பக்கம் தள்ளினார்.

முதலிடத்தில் பெயர் இல்லை, முகம் மட்டும் இருந்தது. அரங்கின் பின்சுவரில் சந்தன மாலையோடு தொங்கும் படத்திலிருந்த நிறுவனரின் முகம்.

"நாளைக்கு என் இடத்துக்கு இவரையே ஸ்டோர்ஸுக்கு அனுப்புங்க சார்" என்றாள் குணவதி.

அவர் காலமாகிப் பதினோரு வருடம் ஆகிறது.