பச்சையா, நீலமா?

இரண்டு ஆண்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு, கதவடைத்த அறைக்குள் அரை மணி நேரமாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது எட்டிப் பார்த்திருந்தால், பட்டப்பகலில் கொள்ளைக்காரன் கைவரிசை காட்டிவிட்டான் என்று ஊரைக் கூட்டியிருப்பார்கள்.

ஒருவர் பெங்களூரிலிருந்து வந்த புரொபசர். மற்றவன் அவருடைய மாணவன், பென்னாகரத்துக் கிருஷ்ணப்பன். இருட்டில் ஊறிய கண்ணுக்கு மட்டுமே தெரியும் ஒரு வெளிச்சத்தைப் பார்க்கத்தான் 1938 கோடையில் இந்தக் கூத்து.

வத்தல்மலையில் கிருஷ்ணப்பன் பொறுக்கிய கல் ஒன்று, வெயில் பட்டு மறைந்த பிறகும் கண் இமைப்பதற்குள் நீலமாக மினுங்கி அணையும். அதைப் பிடிக்க ஒரு கருவி செய்திருந்தான். கல்லுக்கு முன்னும் பின்னும் ஓட்டை போட்ட தகரத் தட்டுகள், சுற்ற ஒரு கைப்பிடி. முன் ஓட்டையில் வெயில் நுழையும்போது பின் ஓட்டை மூடியிருக்கும். வெயில் மறைந்த மறுகணம் பின் ஓட்டை திறக்கும்.

புரொபசர் தன் கண்ணால் பார்த்துவிட்டால் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம். இல்லாவிட்டால் கம்பைநல்லூரில் அப்பாவின் புளி மண்டி. கிருஷ்ணப்பனுக்குப் புளி வாசனையே ஆகாது.

கைப்பிடியைச் சுற்ற அத்தை செல்லியை உட்கார வைத்திருந்தான். திருகையில் ராகி அரைத்துப் பழகிய கை. வேகம் கூடாது, குறையாது. இவன் கண்ணைக் கட்டிக்கொண்டதால் கருவியைத் தயார் செய்வதும் அவள் பொறுப்புதான்.

இருட்டிலேயே இருவரும் கட்டை அவிழ்த்தார்கள்.

"அத்தை, சுத்துங்க."

"இப்பவேவா சாமி?"

"பேசக்கூடாதுன்னு சொன்னேனில்ல? சுத்துங்க."

செல்லி ஜன்னல் ஓட்டையின் துணியை விலக்கிவிட்டுச் சுற்றினாள். புரொபசர் பின் ஓட்டையில் கண்ணை வைத்தார். ஒரு நிமிஷம் போனது, இரண்டு நிமிஷம் போனது.

"தெரியுதப்பா," என்றார் புரொபசர். "அருமையான பச்சை."

கிருஷ்ணப்பனுக்குப் பகீரென்றது. மூன்று மாதமாக அவன் பார்த்தது நீலம்.

"பச்சைங்களா சார்?"

"ஏன், என் கண்ணு மேல சந்தேகமா?"

கிருஷ்ணப்பன் குனிந்து பார்த்தான். நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. பதற்றத்தில் கண் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

"பச்சைதானுங்க சார். கிளிப்பச்சை."

"எவ்வளவு நேரம் நிக்குதுன்னு எழுதியிருக்கே?"

"ஆயிரத்துல ரெண்டு பங்கு நொடிங்க."

"மூணு இருக்கும்."

"மூணேதானுங்க சார்."

புரொபசர் கதவைத் திறக்கச் சொல்லி, அங்கேயே கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஜூலையில வந்து சேந்துடு. நிறத்தை மட்டும் இனிமே சரியாப் பாரு." கிருஷ்ணப்பன் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தான். சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

செல்லி தொண்டையைச் செருமினாள். "நான் இப்பப் பேசலாமா சாமி?"

"தாராளமாப் பேசுங்க அத்தை."

"வெள்ளிக்கிழமையாச்சேன்னு அம்மி, ஆட்டுக்கல்லோட உன் கல்லையும் கழுவி, மஞ்சப் பூசி வாசல்ல காய வெச்சேன். எடுத்தாந்து உள்ள வெக்கட்டுமா?"