ஆம்பளை அளவு

“மூச்ச வுடுங்க நைனா. வூட்டுக்குத்தான் அளவு எடுக்கறேன், போலீஸ் வேலைக்கு இல்ல.”

மேஸ்திரி பஞ்சாட்சரம் இப்படிச் சொன்ன பிறகும் குமரவேல் மூச்சை விடவில்லை. கே.ஜி.கண்டிகையில் வாங்கிய மனையின் நடுவில் நெஞ்சைத் தூக்கிக்கொண்டு, எதிரே தெரியும் மலைக் கோபுரத்தோடு போட்டிக்கு நிற்பவன் மாதிரி நின்றான்.

பஞ்சாட்சரம் பழைய முறைக்காரர். வீட்டு ஆம்பளையின் உடம்புதான் வீட்டுக்கு அளவுகோல் என்பார். அவன் தலைக்கு மேல் ஒரு சாண் விட்டால் நிலைவாசல். கை விரித்த நீளம் தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி. பொய் அளவு கொடுத்தால் வீடு விளங்காது என்றும் மறக்காமல் சொல்லி வைப்பார்.

குமரவேல் ஐந்தடி ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலத்தைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வான். மனைவி கோமளவல்லி அவனைவிட அரையடி உயரம். கல்யாண போட்டோவில் அவளை உட்கார வைத்துத்தான் எடுத்தார்கள்.

உயரம் அவள் குடும்பச் சொத்து. அண்ணன் தங்கவேல் ஆறடி. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் என்பதால், குமரவேலின் அக்கா மணியம்மையை அந்த ஆறடிக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அக்காவும் தம்பியைப் போலத்தான். பரணில் இருக்கும் எதையும் அவள் தன்னுடையதாகக் கருதியதில்லை.

அம்மையார்குப்பத்தில் தங்கவேலின் வீட்டைக் கட்டியதும் இதே பஞ்சாட்சரம்தான். முன்னால் புடைத்த தொடை போல இரண்டு தூண்கள். “வூடுன்னா ஆம்பள எழுந்து நின்னாப்புல இருக்கணும். இது நான்தான், சிமெண்ட்ல நிக்கறேன்,” என்று தங்கவேல் வருகிறவர்களுக்கெல்லாம் தூணைத் தட்டிக் காட்டுவார். பிறகு வாசலில் குனிந்து உள்ளே போவார். இவ்வளவு பெரிய ஆள் சொந்த வீட்டிலேயே குனிகிறாரே என்று யாராவது வியந்தால், ஆம்பளைக்குப் பணிவுதான் அழகு என்பார்.

குமரவேல் வீடு கட்டப்போகிறான் என்றதும் அக்கா புருஷனான தங்கவேல் பாவா சொன்னது ஒரே வாக்கியம். “உன் அளவுல கட்டினா நாங்க தவழ்ந்துதான் மாப்ள வரணும்.” டீக்கடையே சிரித்தது.

கிரகப்பிரவேசத்தன்று பாவா அந்த வாசலில் குனிந்தால் தீர்ந்தது, ஆயுசுக்கும் அதே பேச்சுதான். எனவே குமரவேல் வேட்டியைத் தரையில் புரளவிட்டு, உள்ளே மடித்துப் போட்ட துண்டின் மேல் ஏறி, குதிகாலையும் தூக்கியிருந்தான். எல்லாம் சேர்த்து மூன்று அங்குலம் தேறும்.

மேஸ்திரி நூலைத் தலை வரை பிடித்து முடிச்சுப் போட்டதும், குமரவேல் பொத்தென்று உட்கார்ந்து கெண்டைக்காலைத் தேய்க்க ஆரம்பித்தான்.

“நூல் சிக்கிகிச்சி. ஒரு முனைய மிதிச்சிகினு, இன்னொரு முனைய தல கிட்ட புடிம்மா,” என்று மேஸ்திரி கோமளவல்லியைக் கூப்பிட்டார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சொன்னபடி நின்றாள். அவர் சிக்கெடுத்து நூலைச் சுருட்டிக்கொண்டார்.

சுவர் எழ எழ குமரவேலுக்குப் பயமும் எழுந்தது. நிலை வைத்த அன்று மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் ஏறி, மூன்று அங்குலம்தானே முருகா, கண்டுக்காதே என்று கும்பிட்டுவிட்டு வந்தான்.

தை மாதம் கிரகப்பிரவேசம். சொந்தபந்தம் மொத்தமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. வந்த பாவா பழக்கத்தில் குனிந்தார். குனிந்தபடியே மேலே பார்த்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து, நிமிர்ந்தபடியே உள்ளே போனார். தலைக்கும் நிலைக்கும் நடுவே நாலு விரற்கடை இடம் இருந்தது.

குமரவேலுக்குத் தலைகால் புரியவில்லை. பாவாவைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, முடியாமல், அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தான். மேளக்காரர்கள் அவனுக்காகவே இன்னொரு முறை வாசித்தார்கள்.

குதித்து ஓய்ந்த பிறகுதான் உறுத்தியது. அவன் கணக்குப்படி ஒரு விரற்கடைதான் மிச்சம் இருக்க வேண்டும். தட்டு நிறைய ஜாங்கிரியோடு மேஸ்திரியைத் தோட்டத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

“மேஸ்திரி, அன்னிக்கு நான் துண்டு மேல நின்னேன். குதிகாலையும் தூக்கினேன். வூட்டுக்கு ஏதாச்சும் ஆவுமா?”

பஞ்சாட்சரம் ஜாங்கிரியை நிதானமாகப் பிட்டார்.

“முப்பது வருஷத்துல ஒரு ஆம்பளகூட ஒழுங்கா தரையில நின்னு அளவு குடுத்ததில்ல நைனா. ஆறடி ஆளும் எக்கிகினுதான் நிக்கறான். அதனால நான் நூல் சிக்கிகிச்சின்னு சொல்லி வூட்டுக்காரம்மாவ நிக்க வெச்சி, அங்கதான் நெஜமான முடிச்சப் போடுவேன். இந்த வூடு முழுக்க கோமளாம்மா ஒசரம்.”

குமரவேல் கடித்த ஜாங்கிரியை விழுங்க மறந்தான். “அப்போ பாவா வூடு?”

“அது உங்க அக்கா ஒசரம். குடிபோன அன்னிக்கே நெத்தியில இடிச்சிகினாரு. அளவு குடுத்தது நீங்கதானேன்னு கேட்டேன். அன்னிலேர்ந்துதான் அந்தப் பணிவு.”