நூற்றிருபதுக்கு எண்பது

நர்சிங் கல்லூரி ஆய்வகத்தில் ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசைமேல் கோடு கோடாக விழுந்திருக்கிறது. முதலாண்டு மாணவிகள் ரத்த அழுத்தம் பார்த்துப் பழக, ஆய்வக உதவியாளர் பூமிநாதன் காலையிலிருந்து கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பதினேழு பேர் பார்த்தாகிவிட்டது. பதினெட்டாவதாக பெல்சி பட்டையைச் சுற்றி, நாடித் துடிப்பு அடங்கும்வரை காற்றடிக்கிறாள். வெளியே கண்டனூர் பஸ்ஸின் ஹாரன் ஓயட்டும் என்று காத்திருந்து, காற்றை மெல்ல விடுகிறாள். இருநூற்றுப் பத்திலேயே காதில் டொக் டொக்கென்று கேட்கிறது. மறுபடி பார்க்கிறாள். அதே இருநூற்றுப் பத்து.

“மேடம், கொஞ்சம் இங்குட்டு வாங்களேன்.”

ஆசிரியை செந்தாமரை தானே ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக் கேட்கிறார். அவருக்கும் அதே இருநூற்றுப் பத்துதான். “தல வலிக்குதாண்ணே?”

“விடிஞ்சதுலேருந்து பொளக்குது மேடம். பிள்ளைக எல்லாம் நார்மல்னு எழுதுனாக. சரி, வெயிலாத்தேன் இருக்கும்னு விட்டுட்டேன்.”

ஒருத்தி ஆம்புலன்சுக்குப் போன் போட ஓடுகிறாள். மற்றவர்கள் நிமிரவே இல்லை. செந்தாமரை மேசையில் அடுக்கியிருக்கும் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டுகிறார். பதினேழிலும் பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே நூற்றிருபதுக்கு எண்பது. ஒவ்வொன்றின் கீழும் பச்சை மையில் அவருடைய கையெழுத்து. கடைசி நோட்டில் அது இன்னும் காயவில்லை.