வெள்ளெலியின் காது

கல்லூரி ஆய்வுக்கூடத்து ஜன்னல் வழியே மாலை வெயில் கண்ணாடித் தட்டில் விழுகிறது. தட்டில் அறுத்தெடுத்த ஒரு வெள்ளெலியின் காதுமடல், நரம்போடிய இளந்தளிர்போலக் கிடக்கிறது. வெளிக்காது ஒலியை எப்படி வாங்குகிறது என்று ஆராயும் ராஜமாணிக்கம் அதை அளந்துகொண்டிருக்கிறான். வேலூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்த அவன் மனைவி சந்திரகலா, இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்தபடி வாசலில் நிற்கிறாள். "பாப்பாவுக்கு ரெண்டு காதும் கேக்காதுன்னு சொல்லிட்டாங்க." அவன் கையிலிருந்த இடுக்கி மேஜையில் விழுகிறது. அவள் தட்டைப் பார்க்கிறாள். "இதுங்க காத அறுத்த பாவம்தான்னு எங்கம்மா சொல்றாங்க." "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், கலா?" என்று கேட்டபடியே அவன் தட்டைத் துணியால் மூடுகிறான். பெரிய கோயில் பக்கம் அதிர்வேட்டு வெடிக்கிறது. கூண்டிலிருக்கும் எலிகள் அத்தனையும் துள்ளி, காதுகளை அந்தப் பக்கம் திருப்புகின்றன. குழந்தை அப்பாவையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது.