காடைக்குக் காய்ச்சல்

"இன்னாது, காடைக்கு உடம்பு சரியில்லையா?"

சூப்பர்வைசர் சிவசங்கர் கேட்ட கேள்வி, மெஷின் சத்தத்தையும் மீறி லைன் முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அவரும் கேட்டார்.

இசைவாணி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கையில் கேட் பாஸ். அதில் சிவசங்கர் கையெழுத்துப் போடாமல், ஷிப்ட் நடுவில் ஓர் ஈ கூட ஒரகடம் ரோட்டைப் பார்க்க முடியாது.

"ஆமா சார். டீ பிரேக்ல போன் பண்ணேன். காலைலேர்ந்து ஒண்ணுமே துன்னலையாம். சுருண்டு படுத்துக்கினு கீதாம். இப்பவே போய்ப் பார்க்கணும் சார்."

"காடைக்கு எதுக்கும்மா வைத்தியம்? மிளகாத்தூள் தடவி எண்ணெய்ல போடு. எல்லா வியாதியும் ஓடிடும்."

லைன் சிரித்தது. சூப்பர்வைசர் ஜோக்கடித்தால் சிரிப்பதும் வேலையில் சேர்த்தி. கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கட்டாயம்.

"போன வாரம் ஒருத்தன் மாமா பூட்டாருன்னான். இன்னொருத்தன் பைக் பஞ்சர்னான். இப்ப பறவைல வந்து நிக்கறீங்க. நாளைக்கு வூட்டுப் பல்லிக்கு விக்கல்னு வருவீங்க. போம்மா, போய் வேலையைப் பாரு."

"சார், அது எங்க வூட்டுக் காடை இல்ல சார்..."

"ஓஹோ! யார் வூட்டுக் காடைக்கோ நீ லீவு போடுவியா?"

"நம்ம பிளான்ட் ஹெட் சார் வூட்டுக் காடை சார். அவரு பொண்ணு ஆசை ஆசையா வளக்குது. எங்கம்மாதான் அங்க வேலை செய்றாங்க. சார் குடும்பத்தோட ஊட்டிக்குப் போயிருக்காரு. வூட்டையும் காடையையும் அம்மாதான் பாத்துக்கறாங்க."

சிவசங்கர் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று அவளையே அதட்டினார். உடனே செல்போனை எடுத்துக் காடை வைத்தியம் தேடினார்.

"இறக்கையைப் புடைச்சுக்கினு மூலைல ஒதுங்கிக் கீதா?"

"மூலைலதான் சார். உடம்பைக் குறுக்கிக்கினு நடுங்குதாம்."

"எச்சம் பச்சையாப் போவுதா?"

இசைவாணி விழித்தாள். "அது தெரில சார். தண்ணி குடுத்தா உள்ள நிக்கல. கூப்ட்டா கண்ணையே தொறக்கலையாம்."

"அய்யய்யோ!" சிவசங்கருக்கு நிஜமாகவே வேர்த்துவிட்டது. "பறவைங்க வியாதியை வெளிய காட்டாதாம். நமக்குத் தெரியறப்ப முத்திப் போயிருக்குமாம். இதுல போட்டிருக்கான் பாரு!"

அதன்பிறகு அந்த ஃபேக்டரியில் எல்லாம் கடகடவென்று நடந்தது. பேக்கிங்கிலிருந்து அட்டைப்பெட்டி வந்தது. மாதக்கணக்கில் கெஞ்சியும் லைனில் ஃபேனை ரிப்பேர் செய்ய வராத மெயின்டனன்ஸ் ஆள், ஓடிவந்து பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, கதகதப்புக்கு ஒரு பேட்டரி பல்பும் மாட்டிக் கொடுத்தான். கேன்டீனிலிருந்து குளுக்கோஸ் வந்தது. ஃபர்ஸ்ட் எய்ட் ரூமிலிருந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும், அதைச் சொட்டுச் சொட்டாக ஊட்ட ஒரு ஃபில்லரும் வந்தன. மயக்கம் என்று யாராவது போனால் 'தண்ணி குடிச்சுட்டுப் போ' என்று திருப்பி அனுப்பும் அதே ரூம்தான்.

ஹெச்.ஆர். ரஞ்சனி மேடம் தன் புது டவலையே நீட்டினாள். "சுத்தி வெச்சுக்கோம்மா. பெரிய சார் கேட்டா, ரஞ்சனி மேடம் குடுத்தாங்கன்னு சொல்லு, என்ன?"

கம்பெனி காரும் வந்து நின்றது. டிரைவர் பாண்டுரங்கன் கேட்டார்: "பெரிய சாருக்கு ஒரு போன் போட்டுடலாமா சார்?"

"வேணாம்யா. ஊருக்குப் போன மனுஷனை ஏன் கலவரப்படுத்தணும்? பொழைச்சதும் நானே நேர்ல சொல்லிக்கறேன்." சொல்லும்போதே சிவசங்கரின் கை சட்டைக் காலரைச் சரிசெய்தது.

படப்பையில் பெரிய சார் வீட்டுக்குள் பெட்டியும் பல்புமாக நுழைந்த பாண்டுரங்கன் அப்படியே நின்றுவிட்டார்.

கூண்டில் காடை சுகமாக மணலில் புரண்டது. எழுந்து இறக்கையை உதறியது. குடுகுடுவென்று ஓடிப்போய்த் தீனியைக் கொத்தியது.

"இன்னாம்மா இது? இதுக்கா ஜுரம்?"

இசைவாணி சமையலறைக்குள் ஓடியிருந்தாள். அங்கே மூலையில், பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக் கிடந்தாள் அவளுடைய அம்மா சந்திரம்மாள். மகள் உலுக்கியும் கண் திறக்கவில்லை.

"நேத்தே அம்மாவுக்கு ஜுரம்னு சொல்லித்தாண்ணா லீவு கேட்டேன்," இசைவாணி அழுதாள். "வயசானா ஜுரம் வரத்தான் செய்யும், அதுக்காக லைனை நிறுத்த முடியுமான்னு சூப்பர்வைசர் கேட்டாரு. இன்னிக்கு பக்கத்து வூட்டு வேலைக்காரம்மாதான் அம்மா போனை எடுத்தாங்க, அம்மாவுக்குப் பேச்சே வரலையாம். எனக்கு வேற வழி தெரிலண்ணா."

பாண்டுரங்கன் பெட்டியைக் கீழே வைத்தார். சந்திரம்மாளைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறியது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்" என்று டாக்டர் சொல்லிவிட்டு நகர்ந்ததும் பாண்டுரங்கனின் செல்போன் அடித்தது. சிவசங்கர்தான். விஷயம் தெரிந்தால் நாளையிலிருந்து இசைவாணிக்கும் வேலை இல்லை, பாண்டுரங்கனுக்கும் இல்லை.

"எப்டிய்யா கீது?" பதறியது சிவசங்கர் குரல்.

பாண்டுரங்கன் கட்டிலைப் பார்த்தார். பிறகு இசைவாணியைப் பார்த்தார்.

"இப்பத்தான் கண்ணு தொறந்துச்சு சார். ஆனா ரெண்டு மூணு நாள் ஆள் கூடவே இருந்து பாத்துக்கணும்னு டாக்டர் சொல்றாரு."

"இசைவாணியையே இருக்கச் சொல்லுய்யா! சம்பளத்தோட லீவு, நான் போட்டுக்கறேன். ஒரு உசுரை விடவா லைன் பெருசு?"