மைனஸ் இரண்டு

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு ராத்திரி முழுக்க மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலிலும் காயவைத்தாயிற்று. இருந்தும் மருமகள் மூக்குக்கண்ணாடியை மாட்டும்போதெல்லாம் அந்த நாற்றம் மூக்குத்தண்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

போன வியாழக்கிழமை நடந்தது. மாமனாருக்குத் துடைத்துவிடக் குனிந்தாள். கழற்றிச் சட்டைக் கழுத்தில் செருகியிருந்த கண்ணாடி நழுவி, நேராகப் பெட்பேனில் போய் விழுந்தது. விழுவதற்கு அறையில் எத்தனையோ இடம் இருந்தது.

கையை விட்டுத்தான் எடுத்தாள். அதுவாகவா ஏறி வரும்?

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போய் லேசருக்கான பரிசோதனையை முடித்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு கண்ணும் மைனஸ் இரண்டு, கருவிழி லேசருக்குத் தோதான கனம், கால் மணி நேரத்து வேலை, அப்புறம் ஆயுசுக்கும் கண்ணாடியைத் தொட வேண்டாம் என்றார்கள். நாளைக் காலைக்கு நேரமும் குறித்தார்கள். இன்று பத்து மணிக்குள் அவள் வாயால் ஒரு 'சரி' வந்தால் போதும்.

மணி ஒன்பதே முக்கால். மாமனாரின் அறையிலிருந்து வாடை கிளம்பிவிட்டது.

கூடத்தில் நாத்தனார் கைக்குட்டையில் சென்ட் அடித்து மூக்கில் வைத்திருந்தாள். அப்பாவைப் பார்க்க வந்து ஒரு மணி நேரம் ஆகிறது. இன்னும் பார்க்கவில்லை.

போன வருஷம் லேசர் செய்துகொண்டவள். சரக்கை விரித்துக் காட்டுகிற வியாபாரி மாதிரி இமையைக் கொட்டிக் கொட்டிக் காட்டினாள்.

"பண்ணிக்கோங்க அண்ணி. ஒரே ஒரு நஷ்டம்தான். இப்பவாச்சும் கண்ணாடியக் கழட்டி வச்சிட்டா, அந்தக் கண்றாவி கண்ணுல படாம வேலை முடிஞ்சிடுது. இனிமே எல்லாம் பளிச்சுன்னு தெரியும்!"

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். அண்ணன்காரனும் கூடச் சிரித்தான். அவன் அப்பாவின் அறைக்குள் கால் வைத்து மூன்று மாதம் ஆகிறது. கதவோரம் நின்று "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்பான். பதில் வருவதற்குள் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கும்.

மருமகள் கண்ணாடியைக் கழற்றுவது அருவருப்பில்தான் என்று வீடே நம்பியது. சமர்த்து என்று மெச்சவும் செய்தது.

அருவருப்பு இல்லாமல் இல்லை. மூக்கை அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டால் வாடை நாக்கில் ருசியாகவே இறங்கும். ஆனாலும் கூடத்துச் சிரிப்பை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டால்தான் வாந்தி வரும் போலிருந்தது.

போன் அடித்தது. ஆஸ்பத்திரிப் பெண், குரல் முழுக்கச் சர்க்கரைப் பாகு. நாளைக்கே முடித்துக்கொண்டால் கூட வருகிறவர்களுக்கும் சலுகையாம். கண்ணையும் கத்தரிக்காயையும் ஒரே கூடையில் வைத்துக் கூவுகிற காலம்.

மருமகளின் மூக்குத்தண்டு நாறியது. 'சரி' நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

உள்ளே மாமனார் முனகினார்.

"வேண்டாங்க. எனக்குக் கண்ணாடியே இருக்கட்டும்."

"பைத்தியமாடி நீ?" என்றான் புருஷன்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமனார் நாற்பது வருஷம் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மருமகள் எதிரில் ஒரு நாளும் சட்டைப் பொத்தான் போடாமல் நின்றதில்லை. பக்கவாதத்தில் வலது பக்கம் போய்விட்டது. இடது கை மட்டும் இடுப்புத் துணியை இறுக்கிப் பிடித்தபடி கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய புதிதில், சம்பளத்துக்கு வந்த ஆள் உட்பட யார் இழுத்தும் அந்தப் பிடி விடவில்லை. மூன்று நாள் அதிலேயே ஊறிக் கிடந்தார். முதுகுக்குக் கீழே தோல் கழன்றது அப்போதுதான். இன்னொரு தடவை அப்படிக் கிடந்தால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான்காம் நாள் அவள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் எடுத்துக் காட்டினாள். "இது இல்லன்னா எதிர்ல இருக்கறது ஆளா தூணான்னே எனக்குத் தெரியாது மாமா" என்றாள்.

பிடி விட்டது. அன்றிலிருந்து வழக்கமாயிற்று.

இன்றும் கழற்றினாள். இப்போதெல்லாம் கழுத்தில் செருகுவதில்லை. அவர் பார்வையில் படும்படி மேசைமேல் வைத்தாள். அவர் கண்ணாடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தடவிப் பார்க்காமல் ஒரு கெஜம் துணி வாங்கியவர் இல்லை. துணியை விட்டுக் கையைத் தூக்கி, அவள் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டினார்.

"எத்... எத்தன?"

இரண்டு விரல். ஆட்காட்டி விரல் நகம் கோணலாக வளர்ந்திருந்தது. நடுவிரல் கணுவில் காலையில் ஊட்டிய கஞ்சியின் பருக்கை ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. இடுப்புத் துணியின் ஓரத்தில் நேற்று இல்லாத மஞ்சள் கசிவு.

அவளுக்கு மங்கலெல்லாம் தூரத்துப் பஸ்ஸின் பலகையும் கூடத்துக் கடிகாரமும்தான். கையெட்டும் தூரத்தில் எதுவும் தப்பாது. பன்னிரண்டு வருஷம் கூடக் குடித்தனம் செய்த புருஷனுக்கே அது தெரியாது.

கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் திணறினாள்.

"நாலா, மாமா?"

வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. தூக்கிய கை இடுப்புக்குத் திரும்பாமல் படுக்கையில் சாய்ந்தது.