குறுக்கு விசாரணை இல்லை

"இரண்... டாம்... சாட்சி," என்று வாசித்தேன்.

பவதாரணி ரீச்சர் வழக்குப் பேப்பரில் பென்சில் முனையை அடுத்த சொல்லுக்கு நகர்த்தினார்.

அடுத்த சொல் என் பேர். பரமலிங்கம்.

நயினாதீவு வள்ளம் போய்விட்டது. சனம் கலைந்து, குறிகட்டுவான் துறைக் கொட்டகை வாங்குப் பலகையில் நாங்கள் இரண்டு பேர்தான். சுவரில் புதிதாய் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது, பாதுகாப்பு அங்கி போடாமல் ஆரும் வள்ளத்தில் ஏறக்கூடாதாம்.

என்னோடு மூட்டை ஏற்றுகிற டெனிஸ்ரன் கடந்து போகையில் எட்டிப் பார்த்தான்.

"அண்ணை சோதினை பாஸ் பண்ணி வங்கி மனேச்சராய்ப் போனால், சீமெந்து ஆர் ஏத்திறது?"

ரீச்சர் சிரிக்கவில்லை.

அவர் ரஜீபனின் அக்கா. வேலணையில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவர். இரண்டு வருசமாய் ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறி இங்கே வருகிறார், எனக்கு எழுத்துப் படிப்பிக்க.

ரஜீபன் மறியலில், கம்பிக்குள்ளே. நயினாதீவில் தனியாய் இருந்த ஒரு பென்சன்காரரை அடித்துக் கொன்றான் என்று தூக்குத் தீர்ப்பு. இந்த நாட்டில் இப்போது தூக்குவதில்லை. விடுவதுமில்லை.

அவனை உள்ளுக்குப் போட்டது என் வாய்.

கொலை நடந்த அன்றைக்குப் பின்னேரம் நயினாதீவு வள்ளத்தால் ரஜீபன் இறங்கிப் போனான் என்று பொலிசில் சொன்னனான். எழுதினார்கள். வாசித்துக் காட்டினார்கள். பெருவிரலை மையில் தோய்த்து வைத்தனான்.

நீர் கண்டது இவரைத்தானோ என்று கோட்டில் நீதிபதி முன்னால் கேட்டார்கள். ஓம் என்றேன்.

எவ்வளவைக் கண்டனீர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

முதுகில் சீமெந்து மூட்டை. ஐம்பது கிலோ. சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, குனிந்தபடி பலகையில் ஏறுகிறவனுக்கு எதிரே வருகிற சனத்தின் கால் மட்டும்தான் தெரியும். முப்பது வருசமாய்த் தீவுச் சனம் எனக்குக் காலாலேதான் பழக்கம்.

அன்றைக்கு வந்தது நீல வார்ச் செருப்பு. இடது காலில் மட்டும் வார் அறுந்து சிவப்பு வார் போட்டது. அது ரஜீபனுடைய செருப்பு. ஆனபடியால் ரஜீபன்.

செருப்புக்கு மேலே ஆர் நின்றது என்று எனக்குத் தெரியாது. கோயில் வாசலில் செருப்பு மாறிப் போகாத வீடு இந்தத் தீவுகளில் எங்கே இருக்கிறது?

ரஜீபனுக்காக வழக்காட என்று கோடே பிடித்துக் கொடுத்த அப்புக்காத்துக்கு அன்றைக்கு வேறும் இரண்டு வழக்கு. என்னை ஒருதரம் பார்த்தார். எழும்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இருந்தார். அந்த வார்த்தையும் இந்தப் பேப்பரில் இருக்கிறது. பென்சில் இப்போது அதில் வந்து நின்றது.

"கு... றுக்... கு..."

"ஆறுதலாய், அண்ணை."

அப்பீலுக்குக் கொழும்பில் புது அப்புக்காத்து. சாட்சிக்காரனே தன் பழைய சாட்சியத்தை வாசித்து, அதில் எது விடுபட்டது என்று தன் கையால் எழுதித் தரவேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். இன்னொரு கைநாட்டைக் கொண்டு போனால், இதுவும் ஆரோ எழுதி விரலைப் பிடித்து வைத்தது என்று தள்ளிவிடுவார்களாம்.

அதனால்தான் இந்த அரிச்சுவடியும் கொப்பியும். என் வாசிப்பு முற்றவில்லை என்று அப்பீலை இரண்டு தவணை தள்ளிப் போட்டாயிற்று.

மனிசி செத்துப் பதினொரு வருசம். மகன் பிரான்சில், பொங்கலுக்குப் பேசுவான். சாப்பிட்டனீங்களோ என்று என்னைக் கேட்பது ரீச்சர் ஒருவர்தான். தன் சுடுதண்ணிப் போத்தலில் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி கொண்டு வருவார். நான் பிழையாய் வாசித்தால், அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்ல இன்னும் கொஞ்சம் கிட்ட இருப்பார்.

"வி... வி... சா..."

ரீச்சர் பென்சிலை வாங்கில் வைத்துவிட்டார்.

"அண்ணை, வியாழக்கிழமை தவணை. இனித் தள்ள ஏலாதாம். தம்பியும் இப்ப சாப்பிடுறானில்லையாம். நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறன், கைநாட்டையே வையுங்கோ. கொண்டுபோய்க் குடுத்துப் பாப்பம்."

பைக்குள் இருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து, என் பக்கம் தள்ளினார். 

பெருவிரலை மைக்கு மேலே கொண்டு போனேன். வைத்தால், ரஜீபன் அங்கேயே கிடப்பான். ரீச்சரும் அடுத்த ஞாயிறு வருவார்.

விரலை எடுத்து வேட்டியில் துடைத்தேன். பேனையையும் ஒரு வெறுந்தாளையும் கேட்டு வாங்கினேன்.

நான் கண்டது இரண்டு காலும் செருப்பும். முகத்தைக் காணவில்லை. முதுகில் மூட்டை இருந்தபடியால் நிமிர ஏலாது. செருப்பை வைத்துத்தான் ரஜீபன் என்று சொன்னேன். அதை ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஓரிடத்திலும் நிற்காமல் எழுதினேன். கீழே முழுப் பேரையும் வைத்தேன்.

நிமிர்ந்தபோது ரீச்சர் பேப்பரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப இருந்து?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"போன வருசப் பொங்கலுக்கு முதலே," என்றேன்.

ரீச்சர் பேப்பரை இரண்டாய் மடித்துப் பைக்குள் வைத்தார். போத்தலை மூடினார்.

பஸ்ஸுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. ரீச்சர் எழும்பிப் போய் வெயிலில் நின்றார்.